வன்னியின் உள்ஊர்களுக்குச் சூறாவளி ஆயத்தம்: எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது

மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருப்பவர்கள் "கடல் எங்களுக்குத் தூரம், அது கரையோடு போய்விடும்" என்று சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பயம் வருகிறது. 1964 டிசம்பர் 22 ஆம் திகதி வந்த சூறாவளி வவுனியாவை அண்டித்தான் தீவைக் குறுக்கே கடந்தது, தனுஷ்கோடியை அழித்தது அதற்குப் பிறகுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் அதிகமானோர் இருந்தது கடற்கரையில் இல்லை, மலைநாட்டில், மண்சரிவிலும் வெள்ளத்திலும் போனார்கள்.

எங்கள் கிராமத்து அனர்த்தக் குழுவோடு சில மாரிகள் ஓடித் திரிந்ததில், புதிதாக ஆயத்தம் செய்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அநேகமான பிழைகள் பொருள் இல்லாததால் வருவதில்லை, வரிசை மாறியதால் வருகின்றன. டோர்ச் வாங்கிய வீட்டில் பாதை பார்த்து வைத்திருக்க மாட்டார்கள், பை கட்டிய வீட்டில் மாட்டை யார் அவிழ்ப்பது என்று பேசியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூறாவளிக்குத் தீனி சூடான கடல். நிலத்துக்குள் வந்ததும் காற்று வேகம் குறையத் தொடங்கும், ஆனால் முகில் சுமந்து வந்த தண்ணீர் எங்கேயாவது கொட்டித்தான் தீரும். அதனால் எங்கள் ஊர்களில் காற்று ஓய்ந்து, எல்லோரும் அப்பாடா என்று வெளியே வந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் குளத்துத் தண்ணீர் வரும். கீழே சொல்லும் எல்லாப் படியும் இதை வைத்துத்தான்.

1. உங்கள் ஒழுங்கைக்கு எந்தக் குளத்துத் தண்ணீர் வரும் என்று கண்டுபிடியுங்கள் (புரட்டாசிக்குள்)

இதுதான் முதல் வேலை, பை கட்டுவது இல்லை. எந்தப் பக்கத்தால் தண்ணீர் வரும் என்று தெரியாமல் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க முடியாது.

ஊரில் நீண்ட காலம் வயல் செய்த ஒருவரிடம் போங்கள். "இங்கே வெள்ளம் வருமா" என்று கேட்டால் "இல்லைத் தம்பி, வராது" என்றுதான் பெரும்பாலும் பதில் கிடைக்கும். அப்படிக் கேட்காதீர்கள். "எந்தக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் இந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் ஏறும், எவ்வளவு நேரத்தில் ஏறும், கடைசியாக எது வரைக்கும் ஏறியது" என்று கேளுங்கள். அவர் கையால் சுவரில் காட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பெரிய குளம் என்றால் தண்ணீர் உங்கள் ஊர் மழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. வவுனியா மாவட்டக் காடுகளில் பெய்த மழையைக் கனகராயன் ஆறு இரணைமடுவுக்குக் கொண்டுவருகிறது. வான்கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கம் தண்ணீர் பார்க்கும், அங்கே வானம் வெளித்திருந்தாலும் பார்க்கும். செட்டிகுளத்துக்கு அனுராதபுரத்து மழை அருவி ஆற்றால் வருகிறது. 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெயர் வைத்த சூறாவளி ஒன்றும் இல்லை, வெறும் மழைதான், ஆனாலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

சின்னக் குளங்கள் எனக்கு இன்னும் கவலை. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு போன்றவற்றை நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கதவு திறக்க முன் அறிவிப்பும் வரும். கமநல சேவை நிலையத்தின் கீழ் இருக்கும் சின்னக் குளத்துக்குக் கதவும் இல்லை, நடுச்சாமத்தில் குளக்கட்டில் நின்று பார்க்க ஆளும் இல்லை. அவை ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல இருப்பதால் மேலே உள்ளது உடைப்பெடுத்தால் அடுத்ததும் தாங்காது. உங்கள் வீட்டுக்கு மேலே எத்தனை சின்னக் குளம் இருக்கிறது என்று கமக்காரர் அமைப்பிடம் கேட்டு எழுதி வையுங்கள். குளக்கட்டில் எலி வளை, மரம் வேர் விட்ட இடம், மாடு இறங்கித் தேய்ந்த இடம் இருந்தால் மாரிக்கு முன்னரே சொல்லித் திருத்த வேண்டியது அவசியம், தண்ணீர் நிறைந்தபிறகு அங்கே மண் போட்டுப் பிரயோசனம் குறைவு.

2. வீட்டைப் பார்த்து, யார் முதலில் போக வேண்டும் என்று முடிவெடுங்கள்

வீடு பற்றி இரண்டு கேள்வி. தண்ணீர் உள்ளே வருமா? கூரை நிற்குமா? இரண்டில் ஒன்றுக்கு "தெரியாது" என்ற பதில் வந்தாலும் நீங்கள் வெளியேறும் குடும்பம்தான்.

தகரக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை, போக வேண்டும். வீட்டுத்திட்டத்தில் சுவர் எழும்பி இன்னும் கதவும் யன்னலும் பூட்டாத வீடுகள் பார்க்கக் கல்வீடுதான், ஆனால் திறந்த ஓட்டையால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். அரைகுறை வீட்டைப் பலமான வீடு என்று நம்பி அக்கம்பக்கத்தவர்கள் எல்லோரும் வந்து கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். கொங்கிறீற் பிளேட் போட்ட கட்டடத்துக்குப் போங்கள்.

அடுத்தது ஆட்கள். பிரசவத் திகதி மூன்று கிழமைக்குள் இருக்கும் பெண்கள், சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள், ஒட்சிசன் தேவைப்படுபவர்கள், நடக்க முடியாதவர்கள். இவர்கள் எச்சரிக்கை வரும்வரைக்கும் காத்திருக்கக் கூடாது, வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கும் உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் முந்தியே போக வேண்டும். பாதை துண்டிக்கப்பட்டால் 1990 அம்புலன்ஸ் வந்தாலும் மதகுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

எங்கள் ஊர்களில் யுத்தத்தில் கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பலர். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம் என்று மற்றவர்கள் அவர்களுக்காக முடிவு செய்துவிடுகிறார்கள். எப்படித் தூக்க வேண்டும், எது வசதி என்று அவர்களிடமே கேளுங்கள், ஓர் ஆட்டோவை முன்னரே பேசி வையுங்கள்.

பிறகு, வர மாட்டேன் என்பவர்கள். எங்கள் பக்கத்து வளவு ஆச்சி சொன்னது: "எத்தினை தரம் ஓடினது பிள்ளை, இனி நான் எங்கையும் வரமாட்டன்." அவருடைய வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் அதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கதையைக் கடைசி நாள் மழையில் நின்றுகொண்டு பேசினால் தோற்றுத்தான் போவோம். ஒக்ரோபரில் போய் இருந்து பேசினோம், பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்கும் இடத்தைக் காட்டினோம், அவருடைய றங்குப் பெட்டியும் கூடவே வரும், இரண்டு நாளில் திரும்பிக் கொண்டுவந்து விடுவோம் என்று வாக்குக் கொடுத்தோம். அடுத்த மாரியில் அவர்தான் முதலில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்.

3. இடம், சாவி, பாதை

கிராம அலுவலரிடம் உங்கள் பிரிவுக்கு எந்தப் பாதுகாப்பு நிலையம் என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் நேரே போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், மலசலகூடம் எத்தனை, அது நிலத்தோடு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமான கேள்வி, சாவி யாரிடம்? ஒரு முறை நாங்கள் முப்பது பேரோடு ஒரு பாடசாலை வாசலில் நனைந்துகொண்டு நின்றோம், சாவி வைத்திருந்தவர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். டிசம்பர் பாடசாலை விடுமுறைக் காலம் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது இரண்டாவது சாவி நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டு இலக்கம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

பாதையை மோட்டார்சைக்கிளில் ஓடிப் பார்க்காமல் நடந்து பாருங்கள். ஒவ்வொரு மதகையும் தாழ்வான இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மதகு அடைபட்டிருந்தால் தண்ணீர் வீதிக்கு மேலால் பாயும், வீதியின் ஓரம் அடியால் கரையும், மேலே தார் அப்படியே இருக்கும். அதுதான் ஆட்களை ஏமாற்றும். மதகு குறைந்த பாதை கொஞ்சம் சுற்றுப்பாதையாக இருந்தாலும் அதைத்தான் முதல் பாதையாக எடுங்கள்.

இரண்டாவது பாதையும் வேண்டும், அது வேறு திசையில் இருக்க வேண்டும். இரண்டு பாதையும் ஒரே பாலத்தைக் கடந்தால் அது இரண்டு பாதை ஆகாது. குறுக்குப் பாதை என்று காட்டுக்குள்ளால், கைவிட்ட காணிகளுக்குள்ளால் திட்டம் போடாதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, வெள்ளம் அடையாளப் பலகைகளையும் இழுத்துக்கொண்டுபோகும்.

எல்லாம் எழுதியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டார் எல்லோரும் ஒரு தரம் போய் வாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறியுங்கள். இருட்டிலும் மழையிலும் அதைப்போல மூன்று மடங்கு எடுக்கும் என்று கணக்கு வையுங்கள்.

4. பை

முதலில் கடதாசிகள். இடம்பெயர்வில் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டு அதை மறுபடி எடுக்க வருடக் கணக்கில் அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கிளினிக் கொப்பி. தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் போட்டு, அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக வையுங்கள். ஒரு சொப்பிங் பை போதாது, ஒரு சின்ன ஓட்டையில் எல்லாம் போகும். போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்புங்கள்.

அப்புறம் மருந்து. ஒரு மாதத்துக்குக் கிளினிக்கில் தருவதை மாத முடிவு வரைக்கும் இழுக்காமல், மாரி மாதங்களில் ஒரு வார மருந்து எப்போதும் கையில் இருக்கும்படி முன்கூட்டியே போய் எடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஒரு மண் முட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதில் இன்னொரு சின்ன முட்டியை இறக்கி மருந்தை அதற்குள் வைக்கலாம், மின்சாரம் இல்லாத நாட்களுக்கு அது உதவும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர், மூன்று நாளுக்கு. சமைக்காமல் சாப்பிடக் கூடிய அவல், சமபோஷ, பிஸ்கட், பேரீச்சம்பழம். அரிசி, பருப்பு என்று மூட்டை கட்டி வருகிறார்கள், முதல் இரவு நிலையத்தில் அடுப்பு எரியாது. பெண்களுக்கு மாதவிடாய்ப் பொருட்கள், கைக்குழந்தைக்கு பால்மாவோடு கொதித்தாறிய தண்ணீரும் தனியாக. செயற்கைக் கால் பாவிப்பவர்கள் அதற்கு ஒரு நனையாத பை வைத்திருங்கள்.

போன் இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, மின்சார சபை 1987. கிராம அலுவலர், உழவு இயந்திரக்காரர், சாவி வீடு. கரன்ட் நின்று சில மணித்தியாலத்தில் போன் கோபுரமும் நிற்கலாம், அழைப்பு போகாத நேரத்தில் சில வேளை குறுஞ்செய்தி போகும், அதை முதலில் முயலுங்கள்.

பையைக் கட்டி முடித்ததும் வீட்டில் பலம் குறைந்த பெரியவர் ஒருவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் தூக்க முடியாவிட்டால் அவிழ்த்துக் குறைக்க வேண்டும், ஏனென்றால் பலமானவரின் கையில் அன்று பிள்ளை இருக்கும்.

5. கூரை, மரம், கிணறு

இவை ஐப்பசி முதல் வாரத்தில். எச்சரிக்கை வந்தபிறகு கூரையில் ஏறி விழுந்தவர்கள் சூறாவளிக்கு முன்னரே வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

வீட்டின் மேல் சாயக் கூடிய கொப்புகளை வெட்டுங்கள். முழு மரத்தையும் தறிக்க வேண்டாம், காற்றை உடைக்க மரம் வேண்டும். முருங்கையும் கறையான் தின்ற பாலையும்தான் முதலில் முறியும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய தேங்காயையும் இறக்கிவிடுங்கள்.

கூரைச் சீட்டும் தகரமும் ஓரத்திலிருந்துதான் கிளம்பும், நடுவிலிருந்து இல்லை. அதனால் தாழ்வாரத்து ஓரக் கட்டுகளை இறுக்குங்கள், கம்பியால் கைமரத்தோடு கட்டுங்கள். மணல் நிரப்பிய உரப்பைகளைக் கயிற்றால் இரண்டிரண்டாக இணைத்து முகட்டுக்கு இரு பக்கமும் தொங்கப் போடலாம். தனிக் கல்லைக் கூரையில் வைக்காதீர்கள், அது காற்றில் உருண்டு யாருடையாவது தலையில்தான் விழும்.

கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தால் தறப்பாளால் மூடிச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். வளவில் கிடக்கும் தகரத் துண்டு, பலகை, வெற்றுப் பரல் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள் அல்லது பரலில் தண்ணீர் நிரப்புங்கள்.

6. மாடுகள்

இதை எழுதும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. 2022 டிசம்பரில் மன்டவுஸ் சூறாவளி வங்கக் கடலால் போன நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் இறந்தன. வெள்ளத்தில் இழுபட்டு இல்லை, குளிர்காற்றிலும் மழையிலும் ஒதுங்க இடமில்லாமல் வெளியில் நின்று விறைத்து.

ஆகவே மாட்டுக்கு மேடு மட்டும் போதாது, காற்று மறைப்பும் வேண்டும். வாடை அடிக்கும் பக்கத்தில் தென்னோலையாலோ உரப்பையாலோ ஒரு மறைப்புக் கட்டுங்கள். கன்றுகளையும் மெலிந்த மாடுகளையும் உள்ளே விடுங்கள், நிலத்தில் வைக்கோல் பரப்புங்கள். வயிற்றில் தீனி இருந்தால்தான் உடம்பு சூடு காக்கும், அதனால் மழைக்கு முதல் நாள் வயிறு நிறையக் கொடுங்கள்.

நீங்கள் வெளியேறும்போது ஒரு மிருகத்தையும் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவிழ்த்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போகும், கட்டிய மாட்டுக்கு கயிற்று நீளம்தான் உயிர். யார் அவிழ்ப்பது என்று இப்போதே ஒருவர் பெயரைச் சொல்லி வையுங்கள், "யாராவது அவிழ்ப்பார்கள்" என்றால் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். காதடையாளமோ குறியோ தெரியும்படி ஒரு படமும் எடுங்கள், பின்னால் இழப்பீடு கேட்க உதவும்.

7. எச்சரிக்கையை எப்படி வாசிப்பது

காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால்தான் சூறாவளி என்று பெயர் வைப்பார்கள். அதற்குக் கீழே தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம் என்று சொல்வார்கள். சனம் பெயர் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அந்தப் பெயரால் பெரிய பயன் இல்லை, பெயரில்லாத தாழமுக்கமும் அதே மழையைக் கொட்டும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் நீங்கள் தேட வேண்டியது மில்லிமீற்றர். 100 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 100 லீற்றர், ஓர் ஏக்கருக்கு நான்கு லட்சம் லீற்றர். கோடையில் காய்ந்த குளத்துக்கு அது வரம், கார்த்திகையில் வான் முட்ட நிற்கும் குளத்துக்கு அது அத்தனையும் உங்கள் பக்கம் வரும் தண்ணீர். மழை அளவையும் குளத்தின் நிலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமான நேர்ச்சுவர் டின் ஒன்றை வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள், அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மூன்று மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் விழுந்தால் நான் அறிவிப்புக்குக் காத்திருக்க மாட்டேன், மேலே உள்ள சின்னக் குளத்துக்காரருக்குப் போன் எடுப்பேன்.

வரைபடத்தில் போடும் பாதைக் கோட்டை நம்பி இருக்காதீர்கள். சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம், கோடு அதன் நடுவை மட்டும்தான் காட்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. எங்கள் பக்கம் பயந்த அளவு காற்று இல்லை என்று, பிறகு வந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் "புரெவியும் இப்படித்தான்" என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். அதை நான் வெறுக்கிறேன். ஒரு முறை தப்பியது அடுத்த முறைக்குக் கணக்கில் வராது.

"குளம் உடைஞ்சிட்டுது" என்று வரும் பழைய படங்களை அனுப்பாதீர்கள். வந்தால் 117 க்கோ கிராம அலுவலருக்கோ எடுத்துக் கேளுங்கள். உறுதியாகும் வரைக்கும் மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் பையை வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பதில் பிழை இல்லை.

8. புறப்படும் நேரம்

மூன்று நாளுக்கு முன்: உழவு இயந்திரத்துக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் எண்ணெய், போன், பவர் பேங்க் சார்ஜ், மருந்து, கையில் சில்லறைக் காசு. கரன்ட் இல்லாவிட்டால் பணம் எடுக்கும் இயந்திரமும் இல்லை, பெற்றோல் நிலையப் பம்பும் வேலை செய்யாது.

இரண்டு நாளுக்கு முன்: இரண்டாம் படியில் சொன்ன ஆட்கள் புறப்பட வேண்டும். மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். விதைநெல், உர மூட்டைகளை மேசைக்கும் பரணுக்கும் ஏற்றுங்கள்.

முதல் நாள்: தாழ்வான பகுதி வீடுகள் பின்னேரம் நான்கு மணிக்குள் வெளியேறி முடிக்க வேண்டும். ஏன் நான்கு மணி? முகில் மூடிய மார்கழி நாளில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். இருட்டில் மதகு தெரியாது, புடையன் பாம்பு தெரியாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் யானையும் அந்த நேரம் மேட்டைத் தேடி வீதிக்குத்தான் வரும்.

ஒரு வருடம் இரவு பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் போன் எடுத்தது. பகலில் கேட்டபோது "பார்ப்பம்" என்று சொன்னவர்கள். உழவு இயந்திரத்தோடு போனோம். திரும்பி வரும்போது தண்ணீருக்கு அடியில் வீதியோரம் கரைந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை, பின் சக்கரம் ஒன்று இறங்கிப் பெட்டி சரிந்து நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். அதிலிருந்து எங்கள் குழுவில் "பார்ப்பம்" என்ற பதிலை ஏற்பதில்லை, மூன்று மணிக்கு வாசலில் போய் நிற்கிறோம்.

வீட்டை விட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள், காஸ் சிலிண்டரை மூடுங்கள், மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிடுங்கள், கதவில் எத்தனை பேர், எங்கே போனோம் என்று எழுதி வையுங்கள். தேடி வருபவர்கள் வெற்று வீட்டுக்காக உயிரைக் கொடுக்கக் கூடாது.

ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் நடக்காதீர்கள், வளர்ந்த ஆளையே அது தட்டி விழுத்தும். அதற்குக் குறைவாக இருந்தாலும் அடித்தளம் தெரியாவிட்டால் வண்டியை இறக்காதீர்கள். குளக்கட்டை வீதியாகப் பாவிக்கவே வேண்டாம்.

9. போக முடியாமல் போனால்

வீட்டில் மிகச் சின்ன, யன்னல் குறைந்த, பிளேட் போட்ட அறை இருந்தால் அதற்குள் போங்கள், அநேகமாக அது குசினியோ குளியலறையோதான். காற்று வரும் பக்கத்துக் கதவு யன்னல்களை மூடி மேசை அல்லது அலுமாரியால் முட்டுக் கொடுங்கள்.

சூறாவளியின் நடு எங்களுக்கு மேலால் போனால் முதலில் காற்று வடக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும், பிறகு திடீரென்று ஓயும். சில வேளை நட்சத்திரமும் தெரியும். வெளியே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது எதிர்ப்பக்கமாகத் தெற்கிலிருந்து அடிக்கும், ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து ஆட்டம் கண்ட மரமும் கூரையும் அப்போதுதான் விழும்.

தண்ணீர் உள்ளே வந்தால் உயரத்துக்குப் போங்கள். மூடிய பரணுக்குள் ஏறாதீர்கள், தண்ணீர் ஏறினால் வெளியேற வழி இருக்காது. கூரைக்கு ஏறக் கூடிய ஏணியைக் கட்டி உள்ளே வைத்திருங்கள், வெளியில் வைத்த ஏணி மிதந்து போகும். வெளிர் நிறத் துணி, விசில், டோர்ச் மூன்றும் கையில் இருக்கட்டும்.

10. நிலையத்தில் முதல் இரவு

போனதும் பெயரைப் பதியுங்கள், பதியாவிட்டால் சாப்பாட்டுக் கணக்கிலும் இல்லை, தேடும் கணக்கிலும் இல்லை. பெண்கள், பிள்ளைகள் படுக்கும் அறை மலசலகூடத்துக்குக் கிட்ட இருக்கட்டும், அந்தப் பாதையில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரிய வேண்டும். விளக்கில்லாததால் இரவில் தண்ணீர் குடிக்காமலே படுத்த பெண்களை எனக்குத் தெரியும். ஜெனரேற்றரை அறைக்குள்ளோ யன்னலுக்குக் கிட்டவோ ஓட விடாதீர்கள், அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

மழை விட்டதும் "வீட்டை ஒருக்கா பாத்திட்டு வாறன்" என்று ஆண்கள் கிளம்புவார்கள். இதைத் தடுப்பதுதான் குழுவின் பெரிய வேலை. மேல்குளம் வான் பாய்வது குறைந்துவிட்டது என்று கேட்டு உறுதி செய்யும் வரைக்கும் ஒருவரும் இறங்கக் கூடாது.

11. வீட்டுக்குத் திரும்புவது

பகலில் திரும்புங்கள், முதலில் பெரியவர்கள் மட்டும். கையில் நீளத் தடி, காலில் சப்பாத்து. அறுந்த கம்பி கிடந்தால் கிட்டப் போகாமல் 1987 க்குச் சொல்லுங்கள். அலுமாரிக்குக் கீழே, சுருட்டி வைத்த பாய்க்குள்ளே, அடுப்புக்குள்ளே பாம்பு இருக்கும், அதுவும் மேடு தேடி வந்ததுதான். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குளத்தோரத்து ஊர்களில் வாய்க்காலிலும் பள்ளத்திலும் முதலை நிற்கலாம்.

வளவிலோ வயலிலோ முன்பு இல்லாத இரும்புப் பொருள் எது கிடந்தாலும் தொடாதீர்கள். அகற்றி முடிந்த காணி என்றாலும் தண்ணீர் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கலாம். வந்த அடியிலேயே திரும்பி நடந்து, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து 119 க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், யுத்தம் முடிந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மிதிவெடி எப்படி இருக்கும் என்று தெரியாது.

துப்புரவு செய்ய முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த நெல், விழுந்த கூரை. வீட்டைக் கழுவி முடித்துவிட்டுப் பிறகு கிராம அலுவலரிடம் போய், காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கிணற்றை உடனே முழுதாக இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிப்போய் இருக்கிறது, உள்ளே தண்ணீரின் தாங்கல் இல்லாவிட்டால் கட்டு இடிந்து உள்ளே விழும். நிலத்து வெள்ளம் வற்றியபிறகு இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போடுங்கள். அதுவரை நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். மலக்குழிகள் எல்லாம் நிரம்பி வழிந்த ஊரில் தெளிவாகத் தெரியும் தண்ணீரையும் நம்ப முடியாது.

கடைசியாக எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களும் போயின. வெள்ளத்தில் நின்ற வயலுக்குள் இறங்க முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேளுங்கள், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக "வெள்ளத் தண்ணிக்குள்ள நிண்டனான்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், அதைச் சொல்லாததால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.